ஸ்ட்ராண்ட் சாலையில் பதினெட்டுப் பேர்

சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து ஸ்ட்ராண்ட் சாலையைக் கடந்தால், ஏகர் தெரு பிரியும் மூலையில் ஜிம்பாப்வே தூதரகம் இருக்கிறது. டிராஃபால்கர் சதுக்கம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் யாரும் இந்தக் கட்டடத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எதிர்ச்சாரியில் நின்று கழுத்தை நன்றாக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். உயரத்தில், சன்னல்களுக்கு இடையே ஒடுங்கிய மாடங்களில், ஆளைவிடப் பெரிய கல்லுருவங்கள் வரிசையாக நிற்கின்றன. மொத்தம் பதினெட்டு. கிழவி ஒருத்தி, பிள்ளை ஏந்திய தாய், வாட்டசாட்டமான ஆண்கள். சற்று நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, பலவற்றுக்கு முகம் இல்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையான கல். ஒன்றின் மார்பிலிருந்து தொடை வரைக்கும் யாரோ பொறுமையாகச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள்.

மழையும் காலமும் இப்படிச் செய்யவில்லை. 1937-ல் ஆட்களை வைத்து, சாரம் கட்டி, உளியும் சுத்தியலும் கொண்டு செய்தார்கள். அப்போது இவற்றைச் செய்த சிற்பி உயிரோடு இதே ஊரில் இருந்தார்.

அவர் பெயர் ஜேக்கப் எப்ஸ்டீன். லண்டனுக்கு நான் போனது வேறு வேலையாக. ஆனால் திருப்போரூரில் வளர்ந்தவனுக்கு, மாமல்லபுரத்துப் பட்டறைகளின் உளிச் சத்தத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் வந்தவனுக்கு, எந்த ஊர் போனாலும் கண் கல்லைத்தான் தேடுகிறது. லண்டனில் அப்படித் தேடிப் போகிறவனை எப்ஸ்டீனிடம் கொண்டுபோய் நிறுத்தாத தெரு குறைவு. அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் புத்தகம் தேவையில்லை. மெட்ரோ அட்டையும் நல்ல செருப்பும் போதும்.

1880-ல் நியூயார்க்கின் ஹெஸ்டர் தெருவில், போலந்திலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் ஒரு குளிர்காலம் ஏரியில் உறைந்த பனியை வெட்டும் வேலை செய்தார். தங்கள் பேட்டையின் வாழ்க்கையைப் பற்றி வந்த ஒரு நூலுக்குப் படம் வரைந்து கொடுத்த கூலியில் 1902-ல் பாரிஸுக்குக் கப்பலேறினார். 1905-ல் லண்டன். இங்கே அவருக்கு உறவென்று யாருமில்லை. இரண்டே ஆண்டில், சார்லஸ் ஹோல்டன் என்ற கட்டடக் கலைஞர் ஸ்ட்ராண்ட் சாலையில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்துக்குக் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் சிற்ப வேலையை அவரிடம் ஒப்படைத்தார். அப்போது எப்ஸ்டீனுக்கு இருபத்தேழு வயது நிறையவில்லை.

மருத்துவச் சங்கத்துக்காரர்கள் புகழ்பெற்ற வைத்தியர்களின் உருவங்களை எதிர்பார்த்திருக்கலாம். எப்ஸ்டீன் கொடுத்தது மனித உடலை. பிறப்பிலிருந்து முதுமை வரை, துணி மறைக்காத உடல். மருத்துவர் தினமும் பார்ப்பது அதைத்தானே? 1908 ஜூனில் சாரத்தின் ஒரு பகுதி இறங்கியதும் வந்தது வினை. ஏகர் தெருவின் எதிர்ப்பக்கத்தில்தான் பொது ஒழுக்கத்தைக் காக்கவென்று ஏற்பட்ட ஒரு தேசிய சங்கத்தின் அலுவலகம் இருந்தது. அவர்கள் சன்னலைத் திறந்தால் நேரே இந்த உருவங்கள். மாலைப் பத்திரிகை ஒன்று தலைப்புச் செய்தியாக்கியது. போலீஸ்காரர் வந்து குறிப்பெடுத்தார். ஸ்டெப்னி பிஷப்பாக இருந்த காஸ்மோ லாங் சாரத்தின் ஏணியில் தாமே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, இதில் ஆபாசம் ஒன்றுமில்லை என்று சொன்னார். உருவங்கள் தப்பின. எப்ஸ்டீன் ஒரே மாதத்தில் லண்டன் முழுக்கத் தெரிந்த பெயரானார். வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

பிறகு மருத்துவச் சங்கம் வேறு இடத்துக்குப் போனது. 1935-ல், இன்றைய ஜிம்பாப்வேயான தெற்கு ரொடீசியாவின் அரசு கட்டடத்தை வாங்கியது. இந்தச் சிலைகள் தங்கள் மதிப்புக்கு ஒவ்வாதவை, எடுத்துவிடுவோம் என்றார்கள். கலைஞர்கள் எதிர்த்து ஒரு கடிதம் எழுதினார்கள். ராயல் அகாடமியின் தலைவர் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். ஓவியர் வால்டர் சிக்கர்ட், அப்படியானால் எனக்கு உங்கள் அகாடமியே வேண்டாம் என்று விலகிக்கொண்டார். எழுபத்தைந்து வயதில், இன்னொருவருடைய வேலைக்காக அப்படிச் செய்தார் என்பதை இங்கே பதிந்து வைக்க ஆசைப்படுகிறேன். இரண்டு ஆண்டு கழித்து ஒரு சிலையிலிருந்து கல்துண்டு ஒன்று தெருவில் விழுந்தது. அதைக் காரணமாக வைத்து, துருத்தி நிற்கும் பாகம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்தார்கள். முகம், கை, பாதம், குறி.

விழுந்த கல்லில் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். லண்டனின் பெரிய கட்டடங்கள் போர்ட்லாந்து கல்லால் ஆனவை. இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட்டை ஒட்டிய போர்ட்லாந்து தீவிலிருந்து வரும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். 1666 பெருந்தீக்குப் பிறகு செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டியதும் இதில்தான். உளிக்கு இணங்கும் கல். வெட்டு கூர்மையாக நிற்கும். ஆனால் நிலக்கரிப் புகையின் கந்தகம் மழையோடு சேர்ந்து விழுந்தால் கரையும். மழை நேரே படுகிற இடம் வெளுத்துக்கொண்டே போகும். படாத மடிப்பில் கரி தங்கிக் கருக்கும். ஸ்ட்ராண்ட் உருவங்களில் தோள் வெள்ளையாகவும் அக்குள் கறுப்பாகவும் இருப்பது அதனால்தான். நம் கருங்கல்லுக்கு இந்தக் கவலை கிடையாது. மாமல்லபுரத்துக் கடற்காற்றில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நின்ற கல் அது. இங்கே முப்பதே ஆண்டில் கல்லுக்கு நோய் வந்துவிட்டது. நோய்க்கு மருத்துவம் பார்த்திருக்கலாம். சிற்பியை அழைத்து, எதை எடுக்கலாம், எதைப் பிணைக்கலாம் என்று கேட்டிருக்கலாம். அவர் ஊரில்தான் இருந்தார்.

அன்று மாலை அந்தப் படங்களை மாமல்லபுரத்தில் இருக்கும் ஸ்தபதி நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அழைத்தார். “இதை ஏன்ணே இன்னும் செவுத்துல வெச்சிருக்காங்க?” என்றார் முதலில். நம் கோயில்களில் பின்னமான மூர்த்திக்குப் பூஜை இல்லை. பாலாலயம் செய்து, புதிது வடித்து வைத்து, பழையதை நீரில் விடுவார்கள். அவர் மனம் அங்கிருந்து யோசித்தது. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். “வெட்டுனவனும் நல்ல கைதான். ஒரே மட்டமா எடுத்திருக்கான் பாருங்க” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த உளியைப் பிடித்தவனும் கூலிக்கு வந்த கல் தச்சன். வேறொரு தச்சன் செய்ததை அழிக்கச் சொல்லி அனுப்பப்பட்டவன். அந்த வேலை அவன் கைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ராண்ட் உருவங்களை எப்ஸ்டீன் முழுக்கத் தம் கையால் கல்லில் வெட்டவில்லை. அன்றைய ஐரோப்பிய வழக்கப்படி களிமண்ணில் பிடித்தார், பிளாஸ்டரில் வார்த்தார், அதைப் பார்த்து அளவெடுத்துக் கல்லில் செதுக்கியவர்கள் தொழிலாளர்கள். கலைஞன் களிமண்ணோடு நின்றுவிடுவான், கல் கூலிக்காரனுடையது என்ற ஏற்பாடு அங்கே நெடுங்காலமாக ஊறியிருந்தது. பளிங்குச் சிலைகளில் பெரும்பாலானவை அப்படிச் செய்தவைதான். 1910-ஐ ஒட்டி எப்ஸ்டீன், எரிக் கில் போன்ற சில இளைஞர்கள் அதை உடைத்தார்கள். மாதிரி வேண்டாம், கல்லுக்கு முன்னால் நேரே நின்று உளியை எடு என்றார்கள். கல்லின் உருவும் கடினமும் வேலையில் பங்கு பெறட்டும் என்பது அவர்கள் கட்சி.

இதைப் படிக்கும்போது நம்மவருக்கு வியப்பாக இருக்கும். கல்லைத் தட்டி நாதம் கேட்டு ஆண்கல், பெண்கல் என்று பிரித்தெடுத்து, செங்காவியால் கோடு போட்டு, நேரே உளி வைப்பது மாமல்லபுரத்தில் என்றுமே விட்டுப்போகவில்லை. அங்கே பையன்கள் முதலில் கற்பது உளியை உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்குவதை. கல்லைச் செதுக்குகிறவனும் யோசிக்கிறவனும் ஒரே ஆள். 1957-ல் அரசு அங்கே சிற்பக் கல்லூரி திறந்தபோதும் பட்டறை வழக்கத்தைத்தான் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. அங்கே முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதி பின்னாளில் குமரிமுனையில் 133 அடி வள்ளுவரை எழுப்பினார். லண்டனில் புரட்சி என்று பேசப்பட்டது, எங்கள் ஊர்ப் பையன்களின் அன்றாடம்.

இந்த இரண்டு உலகமும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. நடுவில் நின்றவர்களில் ஒருவர் நம்மவர். கொழும்பில் 1877-ல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி; தந்தை இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமி, தாய் கென்ட்டைச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆனந்தர் படித்தது கலையை அன்று, நிலவியலை. இலங்கையின் கனிம ஆய்வுத் துறையை நடத்தியவர். பாறையைப் படித்தவர் பாறையில் செதுக்கியவர்களிடம் போய்ச் சேர்ந்தார். 1910-ல் லண்டனில் ஒரு கூட்டத்தில் சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர் ஒரு புத்தர் சிலையைக் காட்டி, வேகவைத்த களி உருண்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்கிற விதத்தில் பேசினார். இந்தியாவில் உயர்கலையே கிடையாது என்பது அவர் கருத்து. பதின்மூன்று கலைஞர்களும் விமர்சகர்களும் டைம்ஸ் பத்திரிகையில் மறுத்துக் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டே லண்டனில் இந்தியா சொசைட்டி தோன்றியது. அதன் பின்னால் நின்ற மூவர்: குமாரசுவாமி, ஓவியர் ரோதன்ஸ்டைன், இ. பி. ஹேவல். ஹேவல் கல்கத்தாவுக்குப் போகுமுன் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையில் இருந்தவர். நம் கைவினைஞர்களை நேரில் கண்டவர்.

குமாரசுவாமியிடம் பழகி, இந்தியக் கோயில் சிற்பங்களின் படங்களை வாங்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் எரிக் கில். அவரும் எப்ஸ்டீனும் சேர்ந்து, சசெக்ஸ் சிற்றூர் ஒன்றில் பிரம்மாண்டமான உருவங்கள் கொண்ட ஒரு கற்கோயில் கட்டத் திட்டமிட்டார்கள். பணமும் நிலமும் கூடிவரவில்லை. எப்ஸ்டீன் 1910-ல் செதுக்கிய ‘தாய்மை’ என்ற உருவம் இப்போது லீட்ஸ் நகரில் இருக்கிறது. கனத்த மார்பு, பருத்த இடை, சற்றே வளைந்த நிலை. இந்தியச் சிற்பங்களின் சாயல் அதில் உண்டு என்று ரூபர்ட் ஆரோஸ்மித் போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கோயில் மண்டபத் தூணில் சாய்ந்து வளர்ந்த நமக்கு ஆய்வாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எரிக் கில்லைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் போகக் கூடாது. தம் மகள்களையே பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியவர் அவர். நாட்குறிப்பில் தாமே எழுதி வைத்திருந்தது 1989-ல் வெளியான வாழ்க்கை வரலாற்றால் ஊருக்குத் தெரிந்தது. பிபிசி தலைமையகத்தின் முகப்பில் அவர் செதுக்கிய பிராஸ்பரோ, ஏரியல் உருவங்களை 2022-ல் ஒருவர் ஏணியில் ஏறிச் சுத்தியலால் அடித்தார். அடுத்த ஆண்டும் அடி விழுந்தது. எப்ஸ்டீனின் கல்லை உடைத்தவர்கள் கல் காட்டியதைக் கண்டு கோபப்பட்டவர்கள். கில்லின் கல்லில் விழுந்த அடி, அந்தக் கை வேறெங்கே என்ன செய்தது என்பதற்கானது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த முகப்பின் கீழ் நின்றபோது, கல்லைவிட அந்தப் பெண்களின் நினைவே கனத்தது. படமெடுக்காமல் வந்துவிட்டேன்.

செயின்ட் ஜேம்ஸ் பார்க் பாதாள ரயில் நிலையத்தின் மேல் எழும்பியிருக்கும் கட்டடத்துக்கு 55 பிராட்வே என்று பெயர். 1929-ல் திறந்தபோது பாதாள ரயில் கம்பெனியின் தலைமையகம். வடிவமைத்தவர் அதே ஹோல்டன். இருபது ஆண்டுக்கு முந்தைய அடியை அவர் மறக்கவில்லை. ஆனாலும் எப்ஸ்டீனையே அழைத்தார். இம்முறை களிமண் இல்லை. 1928-ன் குளிர்காலத்தில் தொடங்கி, கட்டடத்தில் பொருத்திய கல்லிலேயே, தகரக் கொட்டகை போன்ற மறைப்புக்குள் நின்று எப்ஸ்டீன் தாமே செதுக்கினார். வாசல்களுக்கு மேலே இரண்டு தொகுதிகள், ‘பகல்’, ‘இரவு’.

இவை ஸ்ட்ராண்ட் உருவங்களைப் போல எட்டாத உயரத்தில் இல்லை. ‘இரவு’க்கு நேர் கீழே நின்று பார்த்தேன். பெரிய தாயுருவம் உட்கார்ந்திருக்கிறது. மடியில் ஒருவன் உறங்குகிறான். அவள் கை அவன்மேல் தாழ்ந்து வருகிறது. முகத்தில் நுணுக்கம் எதுவும் இல்லை, நெற்றியும் மூக்கும் இரண்டு மூன்று தளங்களாக மட்டும். மடிப்புகளை உற்றுப் பார்த்தால் பல்லுளி இழுத்த கோடுகள் சில இடங்களில் அப்படியே இருக்கின்றன, தேய்த்து மெருகேற்றவில்லை. ‘பகல்’ தொகுதியில் தந்தை உட்கார்ந்திருக்கிறார். இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் சிறுவன் திரும்பி, அண்ணாந்து, கைகளை நீட்டி அவர் கழுத்தைப் பற்றுகிறான். வேலைக்குப் போய்வந்த அப்பாவைப் பிள்ளை வாசலிலேயே மறிக்கும் காட்சி எந்த வீட்டிலும் உண்டு. அதைக் கல்லில் செய்தவரைத்தான் நாகரிகமற்றவர் என்றார்கள்.

பத்திரிகைகள் மறுபடியும் எழுந்தன. இயக்குநர் ஒருவர், அகற்றுகிற செலவை நானே தருகிறேன் என்றார். கம்பெனியின் நிர்வாகி ஃபிராங்க் பிக், பொறுப்பு என்னுடையது என்று சொல்லி ராஜிநாமாக் கடிதத்தை நீட்டினார், அதைக் கம்பெனி ஏற்கவில்லை. கடைசியில் சிறுவனின் குறியை ஒன்றரை அங்குலம் குறைக்க எப்ஸ்டீன் ஒப்புக்கொண்டார், குறைத்தார். சிலை நின்றது. ஆனால் அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் லண்டனின் பொதுக் கட்டடம் எதிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கைத்திறன் உச்சத்தில் இருக்கிற நாற்பத்தெட்டு வயதிலிருந்து, முதுமை வரை.

அதே கட்டடத்தின் மேல்தளத்தில் எட்டுக் காற்றுகளைச் செதுக்கியவர்களில் முப்பது வயது இளைஞர் ஒருவர் இருந்தார், ஹென்றி மூர். பொதுக் கட்டடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. மூரின் ஆரம்பகாலச் சிற்பங்களை விலைகொடுத்து வாங்கி ஆதரித்தவர் எப்ஸ்டீன். நவீனக் கலைக்கு விழ வேண்டிய அடிகளை முதலில் அவர் வாங்கிக்கொண்டதால்தான் தமக்குப் பாதை எளிதாயிற்று என்று எப்ஸ்டீன் மறைந்தபோது மூர் எழுதினார்.

ஹைட் பூங்காவில் ‘ரீமா’வைக் கண்டுபிடிக்கச் சற்றே சுற்ற வேண்டியிருந்தது. இயற்கையியலாளர் டபிள்யூ. எச். ஹட்சனின் நினைவாக அமைத்த பறவைச் சரணாலயத்தில் இருக்கிறது. ஹட்சனின் நாவலில் காட்டில் வாழும் பெண் ரீமா. தலையைப் பின்னே சாய்த்துக் கைகளை உயர்த்த, பறவைகள் அவளைச் சூழ்கின்றன. லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், எப்பிங் காட்டை ஒட்டிய லாட்டனில், ஒரு கொட்டகையில் குளிர்காலம் முழுக்கத் தனியாக இருந்து அதைச் செதுக்கினார் எப்ஸ்டீன். 1925 மே மாதம் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் திறந்து வைத்தார். அந்த நவம்பரிலேயே யாரோ பச்சைச் சாயத்தை ஊற்றினார்கள். 1929-ல் தாரும் இறகும். பின்னர் பாசிஸ்டுகளின் வாசகங்கள். அகற்றக் கோரிக் கையெழுத்திட்டவர்களில் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலும் ஒருவர். காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களில் பெர்னார்ட் ஷா. இந்தக் கோபத்தில் சிற்பத்தின் மீதான வெறுப்பு எவ்வளவு, யூதன் என்ற வெறுப்பு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். நான் போனபோது புல்தரையில் ஒரு குடும்பம் சாப்பாடு விரித்திருந்தது. ஒரு சிறுமி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரீமாவைப் போலவே கையைத் தூக்கி நின்று தன் அம்மாவிடம் படம் எடுக்கச் சொன்னாள்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டில் அடுப்பெரிந்தது எப்படி? வெண்கலத்தால். எப்ஸ்டீன் களிமண்ணில் பிடித்து வெண்கலத்தில் வார்த்த மார்பளவுச் சிலைகளுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 1926-ல் தாகூர் வந்து உட்கார்ந்தார். 1933-ல், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்து நார்ஃபோக்கில் ஒரு குடிசையில் மறைந்திருந்த ஐன்ஸ்டைனுக்குச் செய்தார். பிறகு சர்ச்சில். பிறகு நேரு. முகங்களில் சம்பாதித்ததைக் கொண்டுபோய்க் கல்லில் போட்டார். யாரும் கேட்காத, யாரும் வாங்காத பெரும் கற்கள் அவை. கல்லுக்கு விலை, கொட்டகைக்கு வாடகை, ஒன்றிரண்டு ஆண்டு உழைப்பு. தொழில் தெரிந்த எவரும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படி ஒன்றிரண்டு பேரைத் தெரியும். பிள்ளையாரும் புத்தரும் செய்து பிழைத்துக்கொண்டு, பட்டறையின் பின்னால் சாக்கு போட்டு மூடிய ஒரு கல்லில் தனக்கென்று ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம் நான் கொண்டிருக்கும் மரியாதையை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெரும் கற்களில் ஒன்று டேட் பிரிட்டனில் இருக்கிறது, ‘யாக்கோபும் தேவதூதனும்’. 1940-41, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த லண்டனில் செதுக்கியது. ஏழடிக்கு மேல் உயரமான அலபாஸ்டர் கல். உள்ளே இளஞ்சிவப்பும் பழுப்புமாக நரம்புகள் ஓடுகின்றன. இரவெல்லாம் போராடிய யாக்கோபு ஓய்ந்துவிட்டான். கைகள் தொங்குகின்றன, தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. தேவதூதன் அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறான். அது மல்லுக்கட்டா, விழாமல் தாங்குகிறானா என்பது ஒவ்வொரு பக்கமாகச் சுற்றி வரும்போது மாறுகிறது. பின்புறம் போய்ப் பார்த்தால் இறக்கைகள் வெறும் பலகைக் கற்கள். வெட்டியெடுத்தபோது இருந்த கல்லின் சதுரம் அதில் இன்னும் தெரிகிறது. தன் பெயர் கொண்டவனைத்தான் அவர் செதுக்கினார்.

இந்தச் சிலை இங்கே வந்து சேர்ந்த வழி கொடியது. வடக்கே பிளாக்பூல் கடற்கரையில், மெழுகுப் பொம்மைக் காட்சியில், விநோதப் பொருள்களோடு சேர்த்து வைத்துக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். கூடவே ‘ஆதாம்’, ‘ஆதியாகமம்’ போன்ற அவருடைய மற்றக் கற்களும். விடுமுறைக்கு வந்த கூட்டம் நிர்வாணத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. எப்ஸ்டீன் இறக்கும்போது அவை அங்கேதான் இருந்தன. யாக்கோபை டேட் வாங்கியது 1996-ல்.

கடைசியாகப் போனது பிரிட்டிஷ் மியூசியம். எப்ஸ்டீன் லண்டன் வந்த நாள் முதல் அவருக்குக் கல்லூரி அதுதான். கிரேக்கம், எகிப்து, ஆப்பிரிக்கா என்று பார்த்துத் தீராதவர். ஆஸ்கர் வைல்டின் கல்லறைக்கு அவர் செதுக்கிய பறக்கும் உருவத்தில் இங்குள்ள அசீரியக் காளைகள் இருக்கின்றன. அக்காலத்தில் மியூசியத்தின் பெரிய படிக்கட்டை ஒட்டிய சுவர்களில் அமராவதிச் சிற்பங்களைப் பதித்திருந்தார்கள். 1845-ல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை. சென்னையில் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து 1859-ல் கப்பலேறியவை. மிச்சம் நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல், போர்ட்லாந்து கல்லைப் போலவே வெளிர்நிறம், உளிக்கு இணங்குவது. இப்போது அவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால், காற்றும் ஈரமும் அளந்து வைத்திருக்கிறார்கள். சென்னை முற்றத்தில் மழுங்கிப்போன மூக்குகளை அந்தக் கண்ணாடி வழியே பார்ப்பது வேதனை.

மியூசியத்தை விட்டு வெளியே வந்து கிரேட் ரஸ்ஸல் தெருவில் சில நிமிடம் நடந்தால் காங்கிரஸ் ஹவுஸ், பிரிட்டனின் தொழிற்சங்கங்களின் தலைமையகம். இரண்டு உலகப் போர்களில் மாண்ட சங்கத் தொழிலாளர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று அவர்கள் எப்ஸ்டீனிடம் கேட்டது 1950-களில். அதற்குள் காலம் மாறியிருந்தது. 1954-ல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. கேவெண்டிஷ் சதுக்கத்தில் கன்னியாஸ்திரி மடத்தின் முகப்பில் அவர் ஈயத்தில் வார்த்த மாதாவையும் குழந்தையையும் லண்டன் ஒரு சச்சரவும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. வெண்கலத்தில் வார்த்துக் கொடுத்து முடித்திருக்கலாம். எழுபத்தைந்து வயதுக்காரர் பத்து டன் கல்லைக் கேட்டார். உள்முற்றத்தில் அதை நிறுத்தச் சொல்லி, அங்கேயே சாரத்தில் ஏறிச் செதுக்கினார். 1958 மார்ச்சில் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹைட் பார்க் கேட் வீட்டில் இறந்தார். அன்றைக்கும் ஒரு சிற்பத்தில் கை வைத்திருந்தார்.

முகப்புக் கூடத்துக் கண்ணாடி வழியாக அது தெரிகிறது. ஒரு தாய் நிற்கிறாள், இறந்த மகனின் உடலை இரு கைகளாலும் ஏந்தியபடி. மடியில் கிடத்தவில்லை; நின்றுகொண்டே தாங்குகிறாள். உயரமும் உரமும் கொண்ட உழைக்கும் பெண், கண்ணை நேரே வைத்திருக்கிறாள். அவன் கால்கள் கனத்துத் தொங்குகின்றன. அவள் விரல்கள் அவன் உடலில் அழுந்துகிற இடத்தைச் செதுக்க அந்தக் கிழவர் எத்தனை நாள் எடுத்துக்கொண்டாரோ, அந்த அழுத்தத்தில்தான் முழு எடையும் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்து லண்டனில் குடியேறிய நம் அம்மாக்களில் எத்தனையோ பேருக்கு இந்த எடை தெரியும்.

வாசலில் இருந்த காவலர் உள்ளே வந்து பார்க்கலாம் என்று கையசைத்தார். “மியூசியத்துக்கு வருகிறவர்கள் இங்கே வருவதுண்டா?” என்று கேட்டேன். எப்போதாவது என்றார். இந்தியாவிலிருந்து லண்டன் போகிறவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்தைத் தவறவிடுவதில்லை; வெளியே வந்ததும் அதே தெருவில் மேற்கே திரும்புங்கள். வார நாளாக இருந்தால் நல்லது, அது அலுவலகம்.